அபோபிஸ் குறுங்கோள்: கண்டதும் கணித்ததும்

புறநானூற்றின் 229-ஆம் பாடலை இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்க்கு நடத்திக்கொண்டிருந்த நாள் அது. ஆண்டு 2024. கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மீது பேரன்பு கொண்ட கூடலூர் கிழார், பங்குனித் திங்களின் இரவொன்றில் வானிலிருந்து மீனொன்று எரிந்து வீழக் காண்கிறார். தம் மன்னனுக்கு ஏதம் வருமோ என அஞ்சுகிறார். ஏழாம் நாள் மன்னன் மறைகிறான். அன்றிரவு விண்மீன்கள் நின்ற நிலையைப் புலவர் எத்துணை நுட்பமாகக் குறித்திருக்கிறார் என்பதை விளக்கி முடித்தேன். அப்போது பின்வரிசை மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, 2029-இல் பெரிய கல் ஒன்று பூமியில் விழப்போகிறதாமே, உண்மையா?” என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க இயலவில்லை. சில நாட்களுக்கு முன்னர்தான் என் உம்மா அதே வினாவைத் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். யாரோ அனுப்பிய படச்செய்தி ஒன்று அவர்களுடைய கைப்பேசிக்கு வந்திருந்தது. எங்களுடையது நாகைப் பகுதிக் கடற்கரை ஊர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை கடல் ஏறி வந்ததைக் கண்ணாற் கண்டவர்கள் அவர்கள். “கடல்ல விழுமா, கரையில விழுமா?” என்பதே அவர்களுடைய அடுத்த கேள்வி.

விழாது என்பதே இருவருக்கும் உரிய விடை. ஆயினும் விழாது என்று சொல்லி அமர்ந்துவிட்டால் ஆசிரியர் கடமை முடிந்துவிடுவதில்லை. அந்தக் கல் 2029-இல் புவியை மோதக்கூடும் என்று வானியலாரே ஒரு காலத்தில் அறிவித்ததுண்டு. அந்த அறிவிப்பு உச்சநிலையை எட்டிய நாள் 2004 டிசம்பர் 27. எங்கள் கரையை ஆழிப்பேரலை தாக்கியதற்கு மறுநாள். அன்று விழலாம் என்றவர்கள் இன்று விழாது என்கிறார்கள் எனில், எதை நம்பி இன்றைய சொல்லை ஏற்பது? மாணவியின் வினாவுக்குள் இந்த வினாவும் ஒளிந்திருந்தது. அதற்கு விடை கூறும் முயற்சியே இக்கட்டுரை.

சொல் விளக்கம்

எரிமீன், விண்கல், குறுங்கோள் ஆகிய மூன்றும் நம் செய்தித்தாள்களில் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கின்றன. மணலளவு, பரலளவு உள்ள விண்துகள் காற்றுமண்டலத்துள் பாய்ந்து எரிவது எரிமீன். கூடலூர் கிழார் கண்டது இதுவாதல் கூடும். எரிந்து தீராமல் நிலத்தை வந்தடையும் துண்டு விண்கல். கதிரவனைத் தனக்கெனப் பாதை வகுத்துக்கொண்டு சுற்றிவரும் பாறையுடலே குறுங்கோள். இதனைச் சிறுகோள் என்பாரும் உளர். கோள்களில் சிறியதான புதனையும் அச்சொல் குறித்துவிடக் கூடுமாதலின் குறுங்கோள் என்பதையே நான் ஆள்கிறேன்.

முதல் குறுங்கோளான சீரிசை இத்தாலியின் பலெர்மோ நகரில் பியாசி என்பார் 1801 ஜனவரி 1-ஆம் நாள் கண்டார். கண்ட சில வாரங்களிலேயே அது கதிரவனின் ஒளிக்குள் மறைந்து தொலைந்தது. இளைஞரான காஸ் என்னும் கணித மேதை, இருந்த சில குறிப்புகளைக்கொண்டு அதன் பாதையைக் கணித்துத் தந்தார். அந்தக் கணக்கு சுட்டிய இடத்திலேயே அது மீண்டும் அகப்பட்டது. கண்ணாற் கண்டதைக் கணக்காற் காப்பது என்னும் மரபு அன்று தொடங்கியது.

இம்மரபில் தமிழகத்திற்கும் பங்குண்டு என்பதை நம் மாணவர் அறிதல் நலம். சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய போக்சன், 1861 ஏப்ரல் 17-ஆம் நாள் ஒரு குறுங்கோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வுக்கூடத்தில் 1988-இல் ராஜமோகன் கண்டறிந்த ஒரு குறுங்கோள் இராமானுஜன் பெயரைத் தாங்குகிறது.

குறுங்கோள்களில் மிகப் பல செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பட்டையில் உலவுவன. அவற்றால் நமக்குக் கவலையில்லை. சில அங்கிருந்து விலகி உட்பக்கம் வந்து புவியின் பாதையை அண்டியோ கடந்தோ செல்கின்றன. இவையே புவியண்மைக் குறுங்கோள்கள். 1898-இல் கண்டறியப்பட்ட ஈராஸ் இவ்வகையில் முதலாவது. 2025 நவம்பரில் இவற்றின் எண்ணிக்கை 40,000-ஐக் கடந்தது. இவற்றுள் ஒன்றே மாணவி கேட்ட கல்.

கண்டதும் தொலைத்ததும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிட் பீக் என்றொரு மலை உண்டு. அங்குள்ள 2.3 மீட்டர் ஆடி பொருத்திய தொலைநோக்கியைக்கொண்டு ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபப்ரீட்சியோ பெர்னார்டி ஆகிய மூவரும் 2004 ஜூன் 19-ஆம் நாள் வானைப் படமெடுத்தனர். அவர்கள் தேடியது பொதுவாக எவரும் தேடாத இடம். நள்ளிரவில் தலைக்கு மேலுள்ள வானத்தை விடுத்து, கதிரவனுக்கு அருகில், அந்தி வெளிச்சம் இன்னும் நீங்காத பகுதியை அவர்கள் ஆராய்ந்தனர். புவியின் பாதைக்கு உட்புறமாகவே பெரும்பாலும் உலவும் குறுங்கோள்கள் அங்கேதான் தென்படும் என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் பொய்க்கவில்லை.

கண்டறியும் முறை எளிது. வானின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் மீண்டும் மீண்டும் படமெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்புநோக்குவர். விண்மீன்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். குறுங்கோள் மட்டும் சற்று நகர்ந்திருக்கும். அவ்வாறு நகர்ந்த ஒரு புள்ளியை அவர்கள் இரண்டு இரவுகள் கண்டனர். பிறகு அது கைநழுவிப் போயிற்று. வழக்கப்படி ‘2004 எம்என்4’ எனும் தற்காலிகக் குறி மட்டும் அதற்கு வழங்கப்பட்டது. இக்குறி வாய்பாட்டின்படி அமைவது. ‘எம்’ என்பது ஜூன் மாதத்தின் பிற்பாதியைச் சுட்டும்; ‘என்4’ என்பது அந்த அரைத்திங்களில் அது 113-ஆவது பொருள் என்பதைக் காட்டும். 113-ஆவது கல்லைப் பற்றி அன்று எவரும் கவலைப்படவில்லை.

ஆறு திங்கள் கழித்து, டிசம்பர் 18-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கிலிருந்து கோர்டன் காரட் என்பார் ஒரு குறுங்கோளைக் கண்டார். ஜூன் மாதத்தில் தொலைந்த கல்லே அது என்பது விரைவில் தெளிவாயிற்று. இரு காட்சிகளையும் இணைத்துப் பாதை கணித்தபோதுதான் ஒரு நாள் முன்னுக்கு வந்தது: 2029 ஏப்ரல் 13.

டிசம்பர் மாதத்து ஐந்து நாட்கள்

குறுங்கோள்களின் மோதல் வாய்ப்பை ஓயாது கணித்துவரும் இரண்டு அமைப்புகள் அப்போதே இருந்தன. ஒன்று அமெரிக்காவின் பசடேனாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சார்ந்தது. மற்றொன்று இத்தாலியின் பீசா நகரத்தது. இரண்டும் தனித்தனியே கணித்து ஒரே முடிவுக்கு வந்தன. டிசம்பர் 23-இல் மோதல் வாய்ப்பு ஏறத்தாழ 300-இல் 1 என்றனர். மறுநாள் 62-இல் 1. அதற்கடுத்த நாள் 42-இல் 1. டிசம்பர் 27-இல் 37-இல் 1, அதாவது 2.7 விழுக்காடு.

குறுங்கோள்களின் இடர்நிலையை 0 முதல் 10 வரை மதிப்பிடும் அளவுகோலுக்கு டோரினோ அளவுகோல் என்று பெயர். பின்செல் எனும் அறிஞர் வகுத்த இது, 1999-இல் இத்தாலியின் டோரினோ நகர மாநாட்டில் ஏற்கப்பட்டதால் அப்பெயர் பெற்றது. அந்த அளவுகோலில் 4 எனும் நிலையை எட்டிய ஒரே பொருள் இக்குறுங்கோளே. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆயினும் உலகம் அதனைக் கவனிக்கவில்லை. கவனிக்கும் நிலையிலும் அது இல்லை. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுமத்திரா அருகே கடலடி நிலம் பிளந்தது. இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளில் 2,25,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர். அப்போது நான் ஆய்வியல் நிறைஞர் பட்ட மாணவன்; விடுதியிலிருந்து ஊருக்குப் போய்ச் சேர்ந்து, பிணங்களை அடையாளம் காட்டுவோர் வரிசையில் நின்றேன். 25 ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய ஒரு கல்லைப் பற்றி அந்த வாரத்தில் எவரேனும் சொல்லியிருந்தால் என் செவியில் அது ஏறியிருக்காது. பல ஆண்டுகள் கழித்து நூலகத்தில் இச்செய்தியைப் படித்தபோதுதான் அந்த நாட்கள் இரண்டும் அடுத்தடுத்து நின்றதை அறிந்தேன்.

அதே டிசம்பர் 27-ஆம் நாளே முடிச்சு அவிழ்ந்தது. பழைய படங்களில் இக்கல் பதிவாகியிருக்கிறதா என்று சிலர் தேடினர். கிட் பீக் மலையிலேயே உள்ள ஸ்பேஸ்வாட்ச் எனும் மற்றொரு தொலைநோக்கிக் குழு 2004 மார்ச் 15-இல் எடுத்த படங்களில் அது மங்கலாகப் பதிந்திருந்தது. ‘கண்டறிவதற்கு’ மூன்று திங்கள் முன்பே அது படத்தில் விழுந்திருக்கிறது, பார்த்தவர்தாம் இல்லை. அந்தச் சில புள்ளிகளைச் சேர்த்துக் கணித்தவுடன் 2029-இல் மோதல் என்பது அறவே நீங்கியது.

முகவரி அழிந்த கடிதம்

இங்கேதான் மாணவர்க்கு ஐயம் எழுகிறது. மோதாத கல்லுக்கு மோதல் வாய்ப்பு 300-இல் 1-லிருந்து 37-இல் 1 வரை எப்படி உயர்ந்தது? கணக்கில் பிழையா? அச்சுறுத்திப் பார்த்தார்களா?

உம்மாவுக்கு நான் சொன்ன விளக்கத்தையே இங்கும் தருகிறேன். மழையில் நனைந்து முகவரி அழிந்த கடிதம் ஒன்று தபால்காரர் கைக்கு வருகிறது. ஊரின் பெயர் மட்டும் தெரிகிறது. ஊரில் 300 வீடுகள். கடிதம் நம் வீட்டுக்குரியதாக இருக்கும் வாய்ப்பு 300-இல் 1. எழுத்தை உற்றுப் பார்க்கிறார். கீழத்தெருக்கள் என்பது புலனாகிறது. அங்கே 62 வீடுகள். நம் வீடும் அவற்றுள் ஒன்று. வாய்ப்பு 62-இல் 1. இன்னும் ஓர் எழுத்துத் தெளிகிறது. 37 வீடுகள் எஞ்சுகின்றன. நம் வீடு இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. இந்நிலையில் கடிதம் நம்மை நோக்கி நெருங்குவதாகத் தோன்றும். அடுத்த எழுத்துத் தெளிந்தவுடன் அது அடுத்த தெருவுக்குரியது என்று தெரிகிறது. நம் வீட்டுக்கான வாய்ப்பு அக்கணமே சுழியம். இத்தனைக்கும் கடிதம் எழுதப்பட்ட நாளிலேயே அதன் முகவரி முடிவாகிவிட்டது. மாறிக்கொண்டே வந்தது தபால்காரரின் அறிவு மட்டுமே.

குறுங்கோளின் நிலையும் இதுவே. சில இரவுகளின் படங்களைக்கொண்டு 25 ஆண்டுகளுக்குப் பிந்தைய இடத்தைக் கணித்தால், விடை ஒரு புள்ளியாக அமையாது. நீண்டதொரு கோடாக அமையும். அக்கோட்டில் எங்கு வேண்டுமானாலும் கல் இருக்கலாம். புவியின் விட்டமோ 12,700 கிலோமீட்டர் அளவே. படங்கள் கூடக் கூடக் கோடு சுருங்கும். சுருங்கிய கோட்டுக்குள் புவி இன்னும் அகப்பட்டிருக்கும் வரை, கோட்டில் அது அடைக்கும் பங்கு பெருகும்; எனவே விழுக்காடு ஏறும். கோடு மேலும் சுருங்கிப் புவியை விட்டு விலகியதும் விழுக்காடு வீழும்.

“கடிதம் உண்மையிலேயே நம் வீட்டுக்குரியதாக இருந்தால்?” என்று அம்மாணவி கேட்டார். கூரிய கேள்வி. அப்போது எண் ஏறிக்கொண்டே போய் நூறு விழுக்காட்டில் நிற்கும். ஏறும்போது இரண்டு நிலைகளும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதை மறைத்துவிட்டு, ‘எல்லாம் வதந்தி’ என்று கைவீசிப் பேசுவதை நான் ஏற்பதில்லை. 2.7 விழுக்காடு என்று அறிவித்தவர்கள் அன்று அறிந்ததை அறிந்தவாறே சொன்னார்கள். அஞ்சிய மக்களும் அறிவிலிகள் அல்லர்.

இவ்விளக்கத்தைச் சோதிக்கும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது. 2024 டிசம்பர் 27-ஆம் நாள், அபோபிஸின் உச்ச எச்சரிக்கைக்குச் சரியாக 20 ஆண்டுகள் கழித்து, சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி ‘2024 ஒய்ஆர்4’ எனும் சிறு குறுங்கோளைக் கண்டது. அளவில் ஏறத்தாழ 60 மீட்டர். 2032 டிசம்பர் 22-இல் அது புவியை மோதும் வாய்ப்பு 2025 ஜனவரி இறுதியில் 1 விழுக்காட்டைத் தாண்டியது. பிப்ரவரி 18-இல் 3.1 விழுக்காடாயிற்று. நாளிதழோடு என் அறைக்கு வந்த அந்த மாணவி, “ஐயா, முப்பத்திரண்டு வீடுகள்” என்றார். அவர் அச்சத்தோடு வரவில்லை, கணக்கோடு வந்தார். அடுத்த ஒரே வாரத்தில் விழுக்காடு 0.01-க்கும் கீழே இறங்கிற்று.

பெயரும் அதன் வினையும்

2005 ஜூனில் அக்கல்லின் பாதை உறுதிப்பட்டு 99942 எனும் நிலையான எண் வழங்கப்பட்டது. ஜூலை 19-இல் பெயரும் சூட்டப்பட்டது. அபோபிஸ் என்பது பண்டை எகிப்தியத் தொன்மத்தில் இருளில் உறையும் பெரும்பாம்பின் கிரேக்கப் பெயர். கதிர்க்கடவுளான ரா ஒவ்வோர் இரவும் படகிற் செல்கையில் அவனை விழுங்க முயல்வது அது. கண்டறிந்தவர்களில் தோலன், டக்கர் இருவரும் ஒரு தொலைக்காட்சி அறிபுனைத் தொடரை விரும்பிப் பார்ப்பவர்கள். அத்தொடரின் கொடியோன் பெயரும் அபோபிஸே.

2029-இல் மோதாது என்பது 2004-லேயே தெளிந்துவிட்டது. பெயரோ அதன் பிறகு வந்தது. ‘2004 எம்என்4’ எவரையும் அச்சுறுத்தியிராது. ‘அழிவுக் கடவுள் வருகிறான்’ என்று தலைப்பிட இதழ்களுக்கு வழி திறந்தது பெயர்தான். உம்மாவின் கைப்பேசிக்கு வந்த படத்திலும் அத்தலைப்பே இருந்தது. தமிழ் பயிற்றுவோன் என்ற முறையில் இப்பெயர்த் தேர்வு எனக்கு உவப்பானதன்று.

இயல்புகள்

அபோபிஸின் சராசரி விட்டம் ஏறத்தாழ 340 மீட்டர். நீளவாக்கில் 450 மீட்டருக்குக் குறையாது. நிலக்கடலைத் தோடு போல நடுவில் சற்றே ஒடுங்கிய இரு பகுதிகளாய் அது இருக்கலாம் என ரேடார் பதிவுகள் காட்டுகின்றன. அதன் எடையை எவரும் நேரில் அளந்ததில்லை. அளவையும் பாறையின் தன்மையையும்கொண்டு ஏறத்தாழ 4 முதல் 6 கோடி டன் என மதிப்பிடுகின்றனர். அதன்மேற் பட்டு மீளும் கதிரொளியைப் பகுத்துப் பார்த்ததில், புவியில் கிடைக்கும் ஒருவகைக் கல்வகை விண்கற்களின் கனிமங்களோடு அது ஒத்துப்போகிறது.

பம்பரம் தளரும்போது தலையாட்டிக்கொண்டு சுழல்வதைக் கண்டிருப்போம். அபோபிஸும் நேரான அச்சில் சுழலாமல் அவ்வாறே புரண்டு செல்கிறது. அதன் ஒளி ஏறி இறங்கும் முதன்மைக் காலம் ஏறத்தாழ 30.6 மணி.

கதிரவனை ஒருமுறை சுற்ற அதற்கு 324 நாட்கள் ஆகின்றன. கதிரவனுக்கு அருகில் வரும்போது வெள்ளியின் பாதைக்குச் சற்று வெளியே நிற்கும். தொலைவில் செல்லும்போது புவியின் பாதையைத் தாண்டிச் சிறிது வெளியே வரும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அது நம் பாதையின் தொலைவைக் கடக்கிறது. கடக்கும் வேளையில் நாம் அங்கே இருப்பதில்லை என்பதே பாதுகாப்பு. இருப்புப்பாதைக் கடவை வழியே நாள்தோறும் தொடர்வண்டி போகிறது, நாமும் கடக்கிறோம், நேரம்தான் வேறு.

இத்தகைய கல் மோதினால் உலகம் அழியாது. டைனோசர்களின் காலத்தை முடித்த கல் 10 கிலோமீட்டர் அளவினது. ஆனால் 340 மீட்டர்க் கல் விழுந்த வட்டாரம் தப்பாது. கடலில் விழுந்தால் கரையோர ஊர்களுக்குக் கேடில்லை என்று சொல்வதற்கும் இல்லை. 2013 பிப்ரவரி 15-இல் ருசியாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த கல் சுமார் 20 மீட்டர் அளவினதே. முன்கூட்டி எவரும் அதைக் காணவில்லை. உடைந்த கண்ணாடிகளாலும் பிறவற்றாலும் ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர்.

வெயில் தள்ளும் கல்

2029-இன் அச்சம் நீங்கிய பின்னரும் அபோபிஸ் பட்டியலிலிருந்து நீங்கவில்லை. புவியை மிக அணுகிச் செல்லும்போது புவியின் ஈர்ப்பு அதன் பாதையை வளைத்துவிடும். அவ்வளைவு சரியாக ஒரு குறிப்பிட்ட அளவில் அமைந்தால், ஏழாண்டு கழித்து 2036-இல் அது திரும்பி வந்து மோதலாம். அதற்கு 2029-இல் அது விண்வெளியில் ஏறத்தாழ 600 மீட்டர் அகலமே உள்ள ஓரிடத்தின் வழியே புகுந்து போக வேண்டும். இத்தகைய இடத்தைச் சாவித்துளை என்று வானியலார் அழைப்பது பொருத்தமான உவமையே. 2013 ஜனவரியில் ரேடார் அளவீடுகள் அந்த வாய்ப்பையும் ஏறக்குறைய முற்றாக நீக்கின. பின்னும் 2068 எஞ்சி நின்றது.

அது எஞ்சியதற்குக் காரணம் வெயில். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடித் தளம் இரவு எட்டு மணிக்கும் காலைச் சுடும். குறுங்கோளும் கதிரவனை நோக்கிய பக்கத்தில் வெப்பத்தை வாங்கி, சுழன்று மறுபுறம் திரும்பிய பின் அதனை வெளிவிடுகிறது. வெளியேறும் வெப்பம் மிக மெல்லிய எதிர்த்தள்ளலைத் தருகிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை எண்ணிப் பார்த்த யார்கோவ்ஸ்கி எனும் பொறியாளர் பெயரால் இது வழங்குகிறது. கோடிக்கணக்கான டன் எடையுள்ள பாறையை வெப்பம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். அபோபிஸின் பாதை இத்தள்ளலால் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 மீட்டர் கதிரவனை நோக்கிச் சுருங்குகிறது. ஹவாய்த் தீவின் சுபாரு தொலைநோக்கியால் இதனை உறுதிசெய்து 2020-இல் அறிவித்தவர் முதலில் கல்லைக் கண்ட அதே தோலன். பதினாறு ஆண்டுகளாக அவர் அதனை விடாமற் பார்த்துவந்திருக்கிறார். ஆண்டுக்கு 170 மீட்டர் என்பது சிறிது. பல பத்தாண்டுகளுக்கு, 600 மீட்டர்ச் சாவித்துளையோடு ஒப்பிட்டால் சிறிதன்று.

முடிவான விடை 2021 மார்ச் மாதத்தில் கிடைத்தது. அபோபிஸ் 1.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்துசென்றபோது, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்திலிருந்து அனுப்பிய ரேடார் அலைகள் அதில் பட்டுத் திரும்பின. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் தொலைநோக்கி அவற்றைப் பெற்றது. அத்துணைத் தொலைவில் இருந்த கல்லின் இடத்தை ஏறத்தாழ 150 மீட்டர்த் துல்லியத்தில் அளந்தனர். குறைந்தது இன்னும் நூறாண்டுகளுக்கு அபோபிஸால் மோதல் இல்லை என்பது மார்ச் 26-இல் அறிவிக்கப்பட்டது. இடர்ப் பட்டியலிலிருந்து அதன் பெயரும் நீக்கப்பட்டது. கடிதத்தின் முகவரி முழுவதும் படிக்கப்பட்டுவிட்டது எனலாம்.

மோதக்கூடிய வேறொரு கல் நாளை அகப்பட்டால் செய்யக்கூடியது யாதெனில், பல ஆண்டுகளுக்கு முன்பே அதனைச் சற்றுத் தள்ளிவிடுவதே. 2022 செப்டம்பர் 26-இல் அமெரிக்காவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபாஸ் எனும் சிறு துணைக்கோளில் வேண்டுமென்றே மோதியது. தன் தாய்க்குறுங்கோளை அது சுற்றிவரும் காலம் அரை மணிக்கும் சற்று மிகுதியாகக் குறைந்தது. கல்லைத் தள்ள மனிதனால் இயலும் என்பதற்கு முதற்சான்று இது.

2029-இன் இரவு

இனி அந்த நாளுக்கு வருவோம். உலகப் பொதுநேரப்படி 2029 ஏப்ரல் 13 வெள்ளிக்கிழமை இரவு 9.46 மணிக்கு அபோபிஸ் புவிக்கு மிக அருகில் வரும். நம் நேரப்படி ஏப்ரல் 14 சனிக்கிழமை விடியற்காலை 3.16 மணி. கதிர் எழுந்தால் சித்திரை முதல் நாள். அதாவது பங்குனியின் கடைசி இரவு.

அப்போது புவியின் மேற்பரப்பிலிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர். நம் தொலைக்காட்சிகளுக்கு ஒளிபரப்பைத் தரும் செயற்கைக்கோள்கள் நிற்கும் உயரம் 35,786 கிலோமீட்டர். அவற்றையும் விடத் தாழ்ந்து வரப்போகிறது இக்கல். இவ்வளவு பெரிய குறுங்கோள் இவ்வளவு அணுகி வருவது 5,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே என்பர். தொலைநோக்கியின்றி வெறுங்கண்ணாலேயே ஒரு நடுத்தர விண்மீன் போல அது தெரியும்; விண்மீன்களுக்கிடையே மெல்ல நகரும்.

புவியின் ஈர்ப்பால் அதன் பாதை விரிந்து, சுற்றுக்காலம் 324 நாட்களிலிருந்து ஓராண்டுக்கு மேலாக நீளும். சுழற்சியும் மாறக்கூடும், மேற்பரப்பில் சிறு சரிவுகளும் நிகழக்கூடும். அவற்றை அருகிருந்து காண விண்கலங்கள் ஆயத்தமாகின்றன. பென்னு குறுங்கோளின் மண்ணை 2023 செப்டம்பரில் புவிக்குக் கொண்டுவந்து சேர்த்த அமெரிக்க விண்கலம், ஓசிரிஸ்-ஏபெக்ஸ் எனப் புதுப்பெயர் பெற்று அபோபிஸை நோக்கித் திருப்பப்பட்டுள்ளது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ராம்சிஸ் கலம் 2028-இல் புறப்பட்டு, அந்த நாளுக்கு முன்பே அங்குப் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். 2029-ஐக் குறுங்கோள் விழிப்புணர்வுக்கும் புவிப் பாதுகாப்புக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் பொது அவை அறிவித்துள்ளது.

நம் ஊரிலிருந்து தெரியுமா என்பது மாணவர் அனைவரும் கேட்ட கேள்வி. மிக அணுகி வரும் அக்கணத்தில் அபோபிஸ் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலிருக்கும். நமக்கு அது தொடுவானத்துக்குக் கீழே. ஆனால் அதற்கு முந்தைய மணிநேரங்களில் அது ஆஸ்திரேலிய வானில் தோன்றி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஆப்பிரிக்காவை நோக்கி மேற்கே செல்லும். ஆகவே 13-ஆம் நாள் இரவு, நள்ளிரவை ஒட்டிய பொழுதில், மேற்கு நோக்கிச் சாயும் அந்த ஒளிப்புள்ளியைத் தேடலாம். மேகம் இல்லாதிருக்க வேண்டும். ஊர் விளக்குகளை விட்டு விலகியிருக்க வேண்டும். அன்று அமாவாசையை ஒட்டிய இரவாதலால் நிலவொளி குறுக்கிடாது.

இதைச் சொன்னபோது உம்மா ஒரு கணக்குப் போட்டார்கள். அமாவாசை என்றால் அதற்கடுத்த மாலைகளில் துல்ஹஜ் பிறை தேட எப்படியும் எல்லோரும் கடற்கரைக்குப் போவார்கள். ஓரிரவு முன்னதாகவே போய்விட்டால் இரண்டையும் பார்த்துவிடலாம் என்றார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு இருட்டிய பின் கடற்கரைப் பக்கமே போகாதவர்கள் அவர்கள்.